காய்கறிப் பாத்தியில் கண்கவர் கொடிகள்

(ஆடிப் பட்டத்திற்கு முன்னர்த் தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஆடி பிறக்க இன்னும் சில நாள்களே உள்ளன. கொல்லைப்புறத்தில் இரண்டு பாத்தி நிலம் உடையவர்கள் மண்ணைக் கொத்தி, எருவிட்டு, விதைக்காகக் காத்திருக்கும் வேளை இது. 'எதை விதைக்கப் போகிறீர்கள்?' என்று கேட்டால், பெரும்பாலார் வாயிலிருந்து வருவன ஐந்தே பெயர்கள்: வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய், கொத்தவரை. இவை வேண்டியவையே. இவற்றை வேண்டாவென்று எவரும் சொல்லார். ஆனால், ஒரு கொல்லை இவ்வைந்தோடு முடிந்துவிட வேண்டுமா என்பதே இன்று எழுப்பப்பெறும் கேள்வி. தெருவில் போகிறவர் கால் தயங்கி நின்று பார்க்கும்படியான, 'இஃது என்ன காய்?' என்று குழந்தை விரல் நீட்டிக் கேட்கும்படியான கொடிகள் இரண்டொன்றுக்கும் அங்கே இடம் வேண்டும்.

அழகுக்காகவா என்று கேட்பீர்கள். அழகுக்காகவுந்தான். ஆயினும், அதனினும் பெரிய கரணியம் ஒன்று உண்டு. அதைக் கொடிகளைப் பார்த்த பின்னர்ப் பேசலாம்.

பூவும் காயும் பிரியாத நிலம்

இக்காலத்து வீட்டிலே முன்புறம் பூந்தொட்டி, பின்புறம் காய்ப்பாத்தி. பூ என்றால் பார்ப்பதற்கு; காய் என்றால் தின்பதற்கு என்று வேலிகட்டி வைத்துவிட்டோம். பழந்தமிழர் கண்ணுக்கு இந்த வேலி இல்லை. குறிஞ்சிப்பாட்டை எடுத்துப் பாருங்கள். தினைப்புனங் காத்த தலைவியும் தோழியும் அருவியாடிப் பாறையில் குவித்த பூக்களைக் கபிலர் 99 பெயர்களால் அடுக்குகிறார். செங்காந்தளில் தொடங்குகிற அவ்வரிசையில் ஆம்பல் உண்டு, கொன்றை உண்டு, புன்னாகம் உண்டு. அவற்றினூடே அவரையும் பீர்க்கும் அமர்ந்திருக்கின்றன! 'இவை குழம்புக்குரிய கொடிகளாயிற்றே, பூக்களின் அவையில் இவற்றுக்கென்ன வேலை?' என்று அப்புலவர் எண்ணவில்லை. கண்ணைக் கவர்ந்தது; ஆதலால் கணக்கில் வந்தது.

குறுந்தொகையின் 240ஆம் பாடல் புதர்மேல் படர்ந்த அவரையின் பூவைக் கிளியின் வாயோடு ஒப்பிடுகின்றது. பிரிவால் வாடிய தலைவியின் பசலை நிறத்திற்குப் பீர்க்கம்பூவைக் காட்டுவது சங்கப் புலவர்களின் வழக்கம். அவரைப் பூவை அருகில் நின்று பார்க்காத ஒருவனுக்குக் கிளிவாய் நினைவுக்கு வருமா? காய் பறிக்கப் போன இடத்தில் பூவையும் பார்த்த மக்களின் இலக்கியம் அது.

அந்தியில் விழிக்கும் பந்தல்

பகலெல்லாம் உழைத்து மாலையில் வீடு திரும்புகிறவர், 'தோட்டத்தைப் பார்க்க நேரமேது?' என்பார். அவருக்கென்றே அமைந்த கொடிகள் நம்மிடம் உண்டு. சுரையின் வெண்பூ அந்தியில் மலர்வது. பீர்க்கின் பொன்பூவும் மாலையிலே விரிவது. புடலையோ இவ்விரண்டையும் விஞ்சும். அதன் வெள்ளிதழ்களின் ஓரமெல்லாம் நூல்நூலாகப் பிரிந்து, நெசவாளி ஆடையின் முந்தியில் விட்ட குஞ்சம்போல் தொங்கும். இருள் சூழச் சூழ அது விரியும். இராப்பூச்சிகள் அதைத் தேடி வரும். காலையில் வெயிலேற, சுருங்கிவிடும். புடலங்காயை ஐம்பதாண்டு தின்றவர்களில் எத்தனை பேர் புடலம்பூவை முழுவிரிவில் பார்த்திருப்பர்?

பூ விழுந்து காய் இறங்கினால் அடுத்த வேடிக்கை தொடங்கும். நீளப் புடலை ஐந்தடி வரை வளர வல்லது. விட்டுவிட்டால் பாம்பெனச் சுருளும். ஆகவேதான் காயின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவது நம் உழவர் வழக்கம். பத்துக் காய்கள் பத்துக் கற்களோடு தொங்கும் பந்தலுக்குக் கீழே ஒரு சிறுவனை நிறுத்துங்கள். அவன் தானாகவே வீட்டிற்குள் திரும்பமாட்டான். விதைக்கென்று ஒரு காயைப் பழுக்கவிட்டால், பச்சைக்காய் செம்மஞ்சளாகி, வெடித்து, உள்ளே செக்கச் செவேலென்ற சோறு தெரியும். அந்தச் செஞ்சோற்றுக்குள் இருக்கிறது அடுத்த ஆண்டுப் பந்தல்.

பார்த்துப் பெயர் வைத்த மக்கள்

இனி அரிய அவரைகள் மூன்றைச் சொல்ல வேண்டும்.

முதலாவது சிறகவரை. காயின் நான்கு விளிம்புகளிலும் நீளவாட்டில் நான்கு சிறகுகள்; அவற்றின் ஓரம் அலையலையாக நெளிந்திருக்கும். குறுக்கே அரிந்தால் ஒவ்வொரு துண்டும் நான்முனை விண்மீன். பூ வெளிர்நீலம். சேரநாட்டார் இதை நாற்கோணப் பயறு என்னும் பொருள்படச் சதுரப்பயறு என்பர். அவர்கள் கண்ணுக்குக் கோணம் பட்டது. நம் கண்ணுக்குச் சிறகு பட்டது. இதன் இளங்காய், தளிர், பூ, முற்றிய விதை, வேர்க்கிழங்கு ஆகிய ஐந்தும் உணவாகும். முற்றிய விதையில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் புரதம். சோயா மொச்சையோடு ஒப்பிடத்தக்கது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் அறிவியல் கழகம் இந்த ஒரு கொடிக்காகவே தனிநூல் வெளியிட்டு, வெப்பநாடுகளின் புரதமிகு பயிர் இது என்று உலகுக்கு எடுத்துரைத்தது. நியூகினித் தீவின் மலைமக்களும் தென்கிழக்காசிய நாட்டு மக்களும் அதற்கு முன்பே இதை வேலியோரத்தில் வைத்துத் தின்றுகொண்டிருந்தனர்.

இதன் விதை தோல் தடித்தது. ஓரத்தில் சிறிது தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றுக. ஒன்றை மறத்தலாகாது: இது பகல் குறுகினால் பூக்கும் கொடி. ஆடியில் ஊன்றினால் ஐப்பசி கார்த்திகையில் பூத்துக் காய்க்கும். தையில் ஊன்றியவர் வேனில் முழுதும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்து, 'மலட்டுக் கொடி' என்று பிடுங்கி எறிவார். குற்றம் கொடியினுடையதன்று, பட்டம் தவறியவருடையது.

இரண்டாவது வாளவரை, தம்பட்டங்காய் என்பதும் இதுவே. காய் ஓரடிக்கு மேலும் நீளும். அகன்று, தட்டையாய், முனை வளைந்து, உறையிலிட்ட வாளே போலத் தொங்கும். பெயர் சொல்லிக் கொடுக்காமலே ஒரு குழந்தை இதற்கு 'வாள்' என்று பெயரிட்டுவிடும். இளங்காயே கறிக்குரியது.

மூன்றாவது மூக்குத்தி அவரை. பெயரில்தான் அவரை, பிறப்பில் அன்று. வள்ளிக்கிழங்கெனக் கடையில் விற்கும் சீனிக்கிழங்கின் உறவு இது. மாலையில் இளஞ்செந்நீலப் பூ விரியும். பூ உதிர்ந்தபின், அதைத் தாங்கிய காம்பு சதைப்பற்றோடு பருத்து நிற்கும். நுனியில் சிறு குமிழ். அக்காம்பும் குமிழும் சேர்ந்து பார்க்க அப்படியே மூக்குத்தி! உண்பது அந்தக் காம்பைத்தான், அதுவும் இளமையில். முற்றிய விதை பேதியாக்கும், அதை உண்ணற்க.

சிறகு, வாள், மூக்குத்தி. இம்மூன்று பெயர்களையும் ஓலைச்சுவடியைப் புரட்டிய புலவர் எவரும் ஆக்கவில்லை. வேலியருகே நின்று பார்த்த உழவனும் உழத்தியும் ஆக்கினார்கள். கண் பார்த்தது, வாய் சொன்னது, சொல் நின்றது. வெளியிலிருந்து வந்த செடியையும் இவ்வாறே வரவேற்றார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்கடந்து வந்தது. அதன் உறைப்பைச் சுவைத்தவர், மிளகுபோல் உறைக்கும் காய் என்று பெயரிட்டார். வந்தவன் வைத்திருந்த பெயரைத் தேடி அலையவில்லை. பறங்கிக்காயோ, தான் யாரோடு வந்தது என்பதைப் பெயரிலேயே சுமந்து நிற்கிறது. பிறநாட்டுச் செடியை வெறுத்தார் அல்லர் நம் முன்னோர். தம் கண்ணால் பார்த்துத் தம் சொல்லால் அழைத்தனர்.

நிறமும் முள்ளும்

பந்தலிட இடமில்லாதவர் நிறத்தைத் தேடலாம். செவ்வெண்டை இப்பொழுது விதையாகக் கிடைக்கின்றது. வாரணாசியிலுள்ள நடுவணரசின் காய்கறி ஆய்வு நிறுவனம் 'காசி லாலிமா' என்றொரு வகையை உருவாக்கி வெளியிட்டுள்ளது. தமிழில் செவ்வெண்டை என்றாலே போதும். அதன் செம்மை சூட்டுக்கு நில்லாதது. வேகவைத்தால் காய் பச்சையாகும். செங்கீரையின் நிறம் வேறு வகையைச் சார்ந்தது; அது கறிநீரில் இறங்கிச் சோற்றையும் சிவக்கவைக்கும். இவ்விரண்டையும் ஒரே நாளில் ஆக்கிக் காட்டினால், ஒன்று நிறம் இழப்பதையும் மற்றொன்று நிறம் வழங்குவதையும் குழந்தை அடுக்களையிலேயே கற்றுக்கொள்ளும்.

கத்தரியிலும் கண்ணை நிறுத்துவது உண்டு. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரி, தண்டிலும் இலையிலும் காய்க்காம்பிலும் முள் தாங்கியது. பறிப்பவர் விரலைப் பதம்பார்க்கும். உண்பவர் நாவை ஏமாற்றாது. முள்ளுக்கு அஞ்சிக் கைவிடாமல் வழிவழியாக அதைக் காத்து வந்த உழவர்களாலேயே 2023ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பறம்பு மலை உழாமலே தரும் உணவு நான்கு என்று கபிலர் கூறுவது புறநானூற்றின் 109ஆம் பாடல். அந்நான்கில் ஒன்று வள்ளிக்கிழங்கு. அவ்வள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்த காய்வள்ளி இன்னும் வியப்பானது. மண்ணுக்குள் மட்டுமின்றி, கொடியில் இலைக்கணுதோறும் கிழங்கு காய்க்கும்! கோடையில் உறங்கி, மழையில் முளைவிடும் அக்காயையே நட்டு வளர்க்கலாம்.

சேனையின் கதை தனி. வழக்கமாக எட்டுப் பத்துத் திங்களில் அகழ்ந்துவிடுவதால் அதன் பூவை வளர்ப்பவரே பார்ப்பதில்லை. ஒரு மூலையில் ஒரு கிழங்கைச் சில ஆண்டுகள் விட்டுவைத்தால், பருத்துத் திரண்டு, ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், இலைக்கு முன்னே பூ நிலத்தைப் பிளந்துகொண்டு வரும். கருஞ்செம்மை நிறம், தலைப்பாகைபோல் மடிப்பு, அழுகிய ஊனின் நாற்றம். அந்நாற்றத்தை நாடி வண்டுகள் வரும். பலகணிக்கு அருகில் மட்டும் நடாதீர்கள்!

அழகென்று நஞ்சை நடலாகாது

கண்ணைக் கவர்வதெல்லாம் கறிக்கு ஆகாது. இதை அழுத்திச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டின் அரசுமலரான செங்காந்தளை எடுத்துக்கொள்வோம். கபிலர் அடுக்கிய பூக்களில் முதலாவது அது. தீக்கொழுந்தனைய அதன் அழகுக்கு ஈடில்லை. ஆனால், அதன் கிழங்கு கொடிய நஞ்சு. மருந்துக்குப் பயன்படும் கொல்கிசின் என்னும் பொருள் அதில் உள்ளது. அதுவே அளவு மீறினால் உயிர் குடிக்கும். தோற்றத்தில் உண்ணும் கிழங்கோடு மயங்கி அதைத் தின்று மாண்டவர் உண்டு. ஆகவே செங்காந்தளைக் காய்கறிப் பாத்தியில், அதுவும் வள்ளிக்கொடிக்கு அருகில், ஒருபோதும் நடாதீர்கள். அதற்குத் தனியிடம் வேண்டும். அதன் நஞ்சை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

காய்வள்ளியிலும் காட்டுவகை கசப்பும் நஞ்சும் உடையது. வளர்த்து உண்டு பழகியவரிடமிருந்தே நடுபொருள் பெறுக. வாளவரையின் முற்றிய விதையைப் பச்சையாக உண்ணலாகாது. ஊறவைத்து, வேகவைத்து, நீரை வடித்துக் கொட்ட வேண்டும். சுரையை அரியும்போது ஒரு துணுக்கை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுங்கள். கசப்புச் சுரையின் சாறு குடித்து உயிர்நீத்தவர் உண்டு. 'வீணாகிறதே' என்று இரங்க வேண்டிய இடம் அதுவன்று.

இன்னொன்று: வயிற்றை மறந்து வேடிக்கையை வளர்க்கச் சொல்வதன்று இவ்வுரை. பத்துப் பங்கு நிலத்தில் எட்டுப் பங்கு நாள்தோறும் உதவும் காய்க்கும் கீரைக்கும் இருக்கட்டும். இரண்டு பங்கே அரியவற்றுக்கு. பந்தலை வடக்கு ஓரத்தில் இடுக. ஆண்டின் பெரும்பகுதி கதிரவன் தென்பால் சாய்ந்து செல்வதால், வடக்கே நிற்கும் பந்தலின் நிழல் தாழ்ந்த செடிகள்மேல் விழாது.

விதை போனால்

முதலில் சொன்ன அந்தப் பெரிய கரணியத்திற்கு இப்பொழுது வரலாம்.

விதை பொன்னன்று, பெட்டிக்குள் பூட்டிக் காப்பதற்கு. அது மூச்சுவிடும் உயிர். வெங்காய விதை ஓரிரண்டு ஆண்டில் முளைப்புத்திறன் இழக்கும். அவரையும் சுரையும் அதனினும் சில ஆண்டுகள் தாங்கும், அவ்வளவே. விதைத்துக்கொண்டே இருந்தால்தான் விதை இருக்கும். ஒரு வீட்டுப் பாட்டி சுரை விதையைச் சாணத்தில் பதித்து வறட்டியாக்கிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அவரை விதையைச் சாம்பலில் புரட்டி அடுப்புக்கு மேலே உறியில் தொங்கவிட்டிருந்தார். பாட்டி மறைந்தார். வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் வறட்டியைப் பெயர்த்தெறிந்தார்கள். அன்று போனது வறட்டி மட்டுமா? அந்த ஊர் மண்ணுக்குப் பழகிய ஒரு சுரை போனது. அதற்கு அந்த ஊர் வைத்திருந்த பெயரும் போனது. பொருள் போனபின் பெயரை யார் சொல்வர்? அகரமுதலியில் அச்சாகிக் கிடக்கும் சொல்லுக்கு அருகில் 'ஒருவகைக் கொடி' என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தக் கொடியை இனி எவர் வந்து காட்டுவது? 'ஒருவகைப் பூ', 'ஒருவகை மரம்' என்று உரைகளில் படிக்கும்போதெல்லாம், அப்பொருளைப் பார்த்த கடைசிக் கண் எப்பொழுதோ மூடிவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

ஐந்தே காய்களை விதைக்கும் ஊரில் ஐந்தே பெயர்கள்தாம் பேசப்படும். கடையில் கிடைக்கும் வண்ணப் பொட்டலத்தில் ஒட்டு விதை. அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப்போல் விளையாது. ஆண்டுதோறும் கடைக்கே போகவேண்டும். பொட்டலத்தின்மேல் எழுதியுள்ள பெயரையே பிள்ளையும் கற்றுக்கொள்ளும். இதை யாரும் வலிந்து செய்யவில்லை. பார்க்காமல் விட்டதால் நேர்ந்தது.

ஆதலால்தான் கண்ணைக் கவரும் கொடி வேண்டும் என்பது. எது கண்ணைக் கவர்கிறதோ, அதைக் குழந்தை பெயர் கேட்கும். பெயர் கேட்டதை நினைவில் வைக்கும். நினைவில் வைத்ததன் விதையை அடுத்த ஆண்டு தேடும்.

விதை காக்கும் வழி எளியது. அவரை இனங்களில் தற்கலப்பே மிகுதியாதலால் அவ்வளவாக வகை கெடாது. சுரை, புடலை, பீர்க்கு ஆகியவற்றில் பூச்சிகள் கலப்பை உண்டாக்கும். குடுவைச் சுரையும் நீளச் சுரையும் அருகருகே நின்றால் அடுத்த தலைமுறை இரண்டுமாகாது. எனவே, அன்று மாலை மலரவிருக்கும் பெண்மொட்டு ஒன்றையும் ஆண்மொட்டு ஒன்றையும் முன்கூட்டியே நூலால் கட்டிவிடுங்கள். அந்தியில் கட்டவிழ்த்து, ஆண்பூவின் துகளைப் பெண்பூவில் தொட்டு வைத்து, மீண்டும் கட்டுங்கள். அந்தப் பிஞ்சுக்கு ஓர் அடையாளக் கயிறு. அதை முற்றவிட்டு எடுத்த விதை தன்வகை தவறாது. பத்து அகவைப் பிள்ளை செய்யத்தக்க வேலை இது.

அன்பர்களே! இந்த ஆடியில் வீட்டுக்கு ஒரு கொடி என்று தொடங்குங்கள். சிறகவரையோ, வாளவரையோ, மூக்குத்தி அவரையோ, உங்கள் ஊர்க் கிழவியிடம் மட்டும் எஞ்சியிருக்கும் பெயரறியாச் சுரையோ, ஏதேனும் ஒன்று. விதை கேட்கப் போகும்போது பெயரையும் கேட்டு வாருங்கள். சொன்னவர் வாய்மொழி எப்படியோ அப்படியே எழுதிவையுங்கள். பந்தற்காலில் அப்பெயரை ஒரு பலகையில் எழுதி மாட்டுங்கள். மாணவச் செல்வங்களே, அந்தப் பலகையை எழுதும் வேலை உங்களுடையது.

தைத்திங்களில் இம்மன்றம் மீண்டும் கூடும்போது, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி விதை இருக்கட்டும். இல்லாதவர்க்கு இருப்பவர் கொடுக்கட்டும். கொடுக்கும்போது பெயரைச் சொல்லிக் கொடுக்கட்டும்.